ஒரு கடிதக் கட்டும் ஒரு பணிவாழ்க்கையும்: தேவகோட்டையிலிருந்து தொடக்க நவீனத் தத்துவத்துக்கு

தேவகோட்டைப் பக்கம், அந்த ஊரிலிருந்து போய்த் தத்துவத்தில் உதவிப் பேராசிரியரான ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஜெர்மனிக்குப் போயிட்டு வந்தாகல்ல, அதான் வேலை கெடச்சிருச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜெர்மனியில் இவர் இருந்தது மொத்தமே சில மாதங்கள். அதற்குப் பல வருடம் முன்பே, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்றரை வருடம் ஓடிய பிறகு, ஒப்புதல் வாங்கிய தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சின்னத் தலைப்பு ஒன்றை எடுத்தார். இவருடைய பணிவாழ்க்கை திரும்பியது அங்கேதான். அந்த முடிவு எப்படி வந்தது, அது எதையெல்லாம் கூடவே இழுத்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

பெயர் சொல்லப் போவதில்லை. அவர் படித்த, வேலை பார்த்த இடங்களையும் பெயர் இல்லாமலேயே குறிப்பிடுகிறேன். இதை வெளியிட அவர் ஒப்புக்கொண்டது அந்த நிபந்தனையோடுதான். துறை: ஐரோப்பாவின் தொடக்க நவீனத் தத்துவம். தெகார்த், ஸ்பினோசா, லாக், லைப்னிட்ஸ், ஹியூம் ஆகியோரின் காலம், கடைசியில் கான்ட். இப்போது வெளிமாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஹியுமானிட்டீஸ் துறையில் உதவிப் பேராசிரியர். நான் காரைக்குடியில் கல்லூரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். "தத்துவம் எம்.ஏ. சேரலாமா சார்?" என்று இப்போதும் பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, ஒருவருடைய கணக்கை முழுசாகப் பிரித்து வைப்பது மேல் என்று தோன்றியது.

ஊரும் வீடும்

செட்டிநாட்டுக்காரர்கள் படிப்புக்குக் கொடுத்ததற்குக் குறைவே இல்லை. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே எழுப்பினார். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் அதற்கு நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு. ஆனால் வீட்டுப் பிள்ளைக்கு என்று வரும்போது கணக்கு, காமர்ஸ், இன்ஜினியரிங், சி.ஏ. இந்த நான்குக்குள் எது என்பதுதான் பேச்சு. தத்துவத்தைத் தொழிலாக நினைப்பது வழக்கத்தில் இல்லை.

தத்துவமே ஊரில் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. காரைக்குடியை ஒட்டிய கோவிலூர் மடத்தில் தமிழ் வழியாக வேதாந்தம் பாடம் சொல்லும் மரபு 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. இவருடைய ஐயா, அதாவது அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் சொல்வார்கள்) தகப்பனார், அங்கே கைவல்ய நவநீதம் பாடம் கேட்டவர். அந்த நூலின் இரண்டாம் பகுதிக்குப் பெயரே சந்தேகந் தெளிதற் படலம். சீடன் கேட்பான், குரு தெளிவிப்பார். ஐயா அந்தப் பாட்டுகளைச் சொல்லக் கேட்டுத்தான் இவர் வளர்ந்தார்.

பின்னாளில் சிலர், "அப்பவே தெகார்த்துக்கு முன்னால நம்ம ஆளுக சந்தேகத்தைப் பேசியாச்சு" என்று இவரிடம் சொல்வதுண்டு. சொல்பவர் யாரானாலும் இவர் சளைக்காமல் மறுப்பார். கைவல்யத்தில் சந்தேகம் சீடனுக்குத் தானாக வருகிறது, தீர்க்க ஆள் எதிரே இருக்கிறார். தெகார்த் 1641இல் வெளியிட்ட தியானங்கள் என்ற நூலில் சந்தேகம் வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்வது, தீர்த்து வைக்க எதிரே ஒருவரும் இல்லை. ஒப்புமை பேசிக் கைதட்டு வாங்குவது சுலபம். அதற்கு இவர் இடம் கொடுக்காததை நான் இவருடைய முதல் தகுதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

படித்தது பி.எஸ்சி. கணிதம், காரைக்குடியில். மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது. எம்.ஏ. தத்துவம் சென்னையில். வீட்டில் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். இந்தப் பொய்யைச் சொல்லாத தத்துவ மாணவரைத் தமிழ்நாட்டில் நான் இன்னும் பார்க்கவில்லை.

முதல் தலைப்பு

எம்.ஏ.வுக்குப் பிறகு எம்.ஃபில்., அதோடு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை. தேர்வுக்குப் படிக்கும்போது மனதில் பதியும் வரைபடம் ஒன்று உண்டு. தெகார்த், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் மூவரும் அறிவுமுதல்வாதிகள், அதாவது பகுத்தறிவையே அடிப்படையாக வைப்பவர்கள். லாக், பெர்க்லி, ஹியூம் மூவரும் அனுபவவாதிகள், புலன் அனுபவத்தை அடிப்படையாக வைப்பவர்கள். இரண்டு கட்சியையும் கான்ட் வந்து சமரசம் செய்கிறார். கொள்குறி வினாவுக்கு இது கனகச்சிதம். அந்த வரைபடத்தை அப்படியே ஆய்வுத் தலைப்பாக்கினார்: தெகார்த்திலிருந்து கான்ட் வரை மனம், உடல் உறவு.

ஒன்றரை வருடத்தில் இரண்டு இயல்கள் எழுதினார். நானும் படித்திருக்கிறேன். பிழை என்று எதையும் சுட்ட முடியாது, ஆனால் அதில் அவர் இல்லை. ஆங்கிலத்தில் ஏற்கெனவே நூறு பேர் சுருக்கிச் சொன்னதை நூற்றோராவதாகச் சுருக்கியிருந்தார். மூல நூல் மேற்கோள்கூட வேறொரு பாடப்புத்தகத்தில் எடுத்தாளப்பட்டதிலிருந்து எடுத்ததாகவே இருந்தது. அதோடு, அந்த மூன்றுக்கு மூன்று என்ற பங்கீடே அந்தக் காலத்து ஆட்கள் போட்டதல்ல. கான்ட்டுக்குப் பின்னால் வந்த ஜெர்மானியத் தத்துவ வரலாற்றாசிரியர்கள் கட்டிக் கொடுத்த சட்டகம் அது. லாக் தெகார்த்தைப் படித்துத்தான் தத்துவத்துக்குள் வந்தார். பெர்க்லி பிரெஞ்சுத் தத்துவவாதி மால்பிராஞ்சிடம் வாங்கியது ஏராளம். கட்சி பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இதே நேரத்தில் இரண்டு கட்டுரைகளைப் பணம் கட்டிப் பிரசுரித்தார். அப்போது எல்லோரும் செய்தார்கள். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் வெளியீடு வேண்டும் என்ற விதி அப்படி ஒரு சந்தையை உருவாக்கியிருந்தது. அந்த இரண்டும் பின்னால் எந்த நேர்காணலிலும் உதவவில்லை. ஒரு இடத்தில் ஒருவர் அந்த இதழின் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தாராம்.

நெறியாளர் ஓய்வு பெறும் கட்டத்தில் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் "எழுதி முடிச்சிடும்மா, பட்டம் வந்தா சரி" என்பதற்கு மேல் அவரிடமிருந்து வரவில்லை.

கடிதங்கள்

திருப்பம் ஒரு விசேஷ வீட்டில் வந்தது. பெரியவர் ஒருவருக்கு அறுபதாம் சாந்தி. வளவு முழுக்க உறவுக்காரர்கள், இரண்டாம் கட்டில் சமையல், பந்தி மேல் பந்தி. இவர் மாடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, இயல் மூன்றுக்கு மேற்கோள் தேடும் சாக்கில் ஒதுங்கியிருந்தார். கீழேயிருந்து ஆத்தா மூன்று முறை கூப்பிட்டாகிவிட்டது. அப்போது கண்ணில் பட்டது 1643 ஜூனில் எலிசபெத் என்ற இளவரசி தெகார்த்துக்கு எழுதிய கடிதம். தான் வாழ வேண்டியிருக்கிற வாழ்க்கை, அவர் சொல்லும் முறைப்படி தியானிக்க நேரம் கொடுப்பதில்லை என்கிறார் அந்தப் பெண். வீட்டுக் காரியங்களை விட முடியவில்லை, வருகிறவர் போகிறவரிடம் மரியாதைக்குப் பேச வேண்டியிருக்கிறது, அந்தச் சலிப்பில் மனசு வெகுநேரம் எதற்கும் உதவாமல் போய்விடுகிறது என்கிறார்.

"சார், அதைப் படிச்சதும் நான் சிரிச்சுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். "அப்புறம் அந்தக் கடிதத்தோட மீதியைப் படிச்சேன். சிரிப்பு நின்னுபோச்சு."

மீதியில் இருந்தது கேள்வி. பொஹீமியாவின் எலிசபெத் (1618–1680), அரியணை இழந்த ஒரு மன்னரின் மகள். குடும்பம் ஹாலந்தின் ஹேக் நகரில் தஞ்சம் புகுந்திருந்தது. 1643 மே மாதம் தெகார்த்துக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறார். ஒரு பொருள் இன்னொன்றை நகர்த்த வேண்டுமானால் தள்ள வேண்டும், தள்ள வேண்டுமானால் தொட வேண்டும், தொட வேண்டுமானால் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆன்மா இடத்தை அடைப்பதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு அது எப்படி என் கையைத் தூக்குகிறது?

தெகார்த் பதில் எழுதினார். ஒரு கல்லின் கனம் அந்தக் கல்லைக் கீழே இழுக்கிறது என்று நினைக்கிறோம், கனம் கல்லைத் தொட்டுத் தள்ளுவதாக நினைப்பதில்லையே, அது போல எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எலிசபெத் விடவில்லை. கனத்தைப் பற்றிய அந்தப் பழைய எண்ணம் தவறென்று உங்கள் இயற்பியலே சொல்லும்போது, தவறான ஒன்றைக் காட்டி இன்னொன்றை எப்படி நம்ப வைப்பீர்கள்? பொருளற்ற ஒன்று உடலை நகர்த்தும் என்பதைவிட, ஆன்மாவுக்கே பொருளும் பரப்பும் உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்றார். தெகார்த் அடுத்த கடிதத்தில், ஆன்மாவும் உடலும் ஒன்றியிருப்பது அன்றாட வாழ்விலும் சாதாரணப் பேச்சிலும்தான் தெரியும், மெய்யியல் சிந்தனைக்கு வருடத்தில் சில மணி நேரம் போதும் என்கிற தொனியில் எழுதினார். அதற்கும் பதில் உடனே வந்தது: ஆன்மா உடலை நகர்த்துகிறது என்பதைப் புலன்கள் காட்டுகின்றன, எப்படி என்பதைக் காட்டவில்லையே.

இந்தப் பரிமாற்றம் தெகார்த் 1650இல் ஸ்டாக்ஹோமில் இறப்பதற்குக் கொஞ்சம் முன்வரை நீண்டது. இரு தரப்பிலும் சேர்த்து இன்று கிடைப்பவை 60க்குச் சற்றுக் குறைவு. இடையில் எலிசபெத்தின் காய்ச்சல், இருமல், மனத்துயரம், ரோமானியத் தத்துவவாதி செனக்கா, அரசியல் எல்லாம் வருகின்றன. 1644இல் வந்த தத்துவக் கோட்பாடுகள் நூலைத் தெகார்த் அவருக்கே காணிக்கையாக்கினார். 1649இல் வந்த உணர்ச்சிகள் பற்றிய நூல் இந்த உரையாடலிலிருந்து முளைத்தது.

தெகார்த் இறந்ததும் தன் கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்ட எலிசபெத், அவற்றை அச்சிட அனுமதி தரவில்லை. 1657இல் தெகார்த்தின் கடிதங்கள் வெளியானபோது அவருடைய பதில்கள் மட்டுமே வந்தன. கேள்விகள் ஆர்ன்ஹெம் அருகே ஒரு கோட்டை நூலகத்தில் படியாகக் கிடந்து, 1879இல்தான் அச்சேறின. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உலகம் ஒரு பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இவர் அடுத்துச் செய்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன். அப்பச்சியின் கடையிலிருந்து புதுப் பேரேடு ஒன்றை எடுத்துக்கொண்டார். சிவப்புத் துணி அட்டை, நீளவாக்கில் திறப்பது. கடிதத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் எலிசபெத் என்ன கேட்டார், வலப்பக்கம் தெகார்த் எதற்குப் பதில் கொடுத்தார். தேதி, எழுதிய ஊர், எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பது தலைப்பில். பதில் வராத கேள்விக்குக் கீழே கோடு போட்டு அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போவார். மூன்று மாதத்தில் பேரேடு நிறைந்தது. எடுத்துப் புரட்டினால் சிவப்பு மையில் ஓரங்களில் நிலுவை ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நிலுவைதான் ஆய்வேடு ஆனது. எலிசபெத் தெகார்த்தின் கருத்தைத் தூண்டிவிட்ட நல்ல மாணவி என்பது பழைய வழக்கம். பதில் வராத கேள்விகளை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அவருக்கென்று ஒரு நிலைப்பாடு தெரிகிறது என்பதுதான் இவருடைய வாதம். புத்தம் புதிய வாதம் என்று சொல்ல முடியாது. மேலை நாடுகளில் 1990களிலிருந்தே ஆன் கான்வே, மார்கரெட் கேவெண்டிஷ், எமிலி து ஷாத்லே போன்ற பெண் தத்துவவாதிகளை மறுபடி படிக்கும் அலை எழுந்துவிட்டது. அந்த அலை எழுந்துகொண்டிருக்கும்போது இவர் இறங்கினார், அது அதிர்ஷ்டம். ஆனால் கேள்விக்குக் கேள்வி நிலுவை வைத்துப் பார்த்தது இவருடைய சொந்த வேலை.

மூணு வருசக் கணக்கு

தலைப்பு மாற்றினால் காலம் கூடும். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அப்பச்சியிடம் விஷயத்தைச் சொன்னபோது நடந்ததை அப்பச்சியே எனக்குச் சொன்னார்.

"எங்க அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதான் தொழிலுக்கு, போனாக. மூணு வருசம் ஒரு கணக்கு. கணக்கை முடிச்சுட்டு ஊருக்கு வந்து, லாபம் பார்த்துட்டுத் திரும்பப் போவாக. மூணு வருசம் பணம் வராட்டியும் வீட்ல யாரும் கேக்கமாட்டாக. ஆனா கணக்கு என்னிக்கு முடியும்னு தெரியணும். இதுவரைக்கும் எம் மக சொன்னதுல முடிவே தெரியலை. இந்தத் தடவை அறுபது கடுதாசின்னு சொன்னா. அறுபதுன்னா முடியும்ல?"

என் கருத்தில் இந்த நிகழ்வின் சாரம் இந்தப் பேச்சில் இருக்கிறது. தெகார்த் முதல் கான்ட் வரை என்பதற்கு எல்லை இல்லை. எல்லை இல்லாத வேலைக்கு வீட்டார் காத்திருக்கமாட்டார்கள், உதவித்தொகை கொடுப்பவரும் காத்திருக்கமாட்டார். அறுபது கடிதம் என்றால் எண்ணலாம், பட்டியல் போடலாம், எது மீதி என்று காட்டலாம். சின்னத் தலைப்பு என்றால் ஆழமாகப் போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய பலன், மற்றவர்கள் நமக்காகக் காத்திருக்க முடியும் என்பது. இதை ஆய்வுமுறைப் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

மொழியும் அதே வழியில் தீர்ந்தது. கடிதங்கள் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. ஆகவே பிரெஞ்சு போதும், முதலில். ஏழு தத்துவவாதிகளுக்கு என்றால் லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் வேண்டியிருக்கும், ஒன்றும் உருப்படியாக வந்திருக்காது. சென்னையில் பிரெஞ்சு வகுப்பு, ஒன்றரை வருடம். 17ஆம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டல் வகுப்பில் வராது, அது கடிதங்களைப் படித்தே பழகியது. 1897 முதல் 1913 வரை அதாமும் தன்னெரியும் பதிப்பித்த தெகார்த் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேவகோட்டை வீட்டு மாடியில் அதைப் படிக்க முடிந்தது என்பதை ஒரு தலைமுறைக்கு முன்னால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

லத்தீன் பின்னால் வந்தது, மதுரைப் பக்கத்தில் ஓய்விலிருந்த ஒரு வயதான பாதிரியாரிடம். இலக்கணப் புத்தகம் வேண்டாம் என்றாராம். தியானங்களின் இரண்டாம் பகுதியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எழுவாய் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்வார். காட்ட முடியாத நாள் காப்பி கிடையாது.

யார் பணம் கொடுத்தார்கள்

பணிவாழ்க்கை பற்றிய எழுத்துகளில் வழக்கமாக விட்டுப்போகும் பகுதி இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இவர் ஆராயும் ஆட்களில் பெரும்பாலோர் பேராசிரியர்களே அல்ல. தெகார்த் பரம்பரைச் சொத்தை விற்று வந்த பணத்தில் வாழ்ந்தார். ஸ்பினோசா கண்ணாடி வில்லை தேய்த்தார், கூடவே நண்பர் சிமோன் த விரீஸ் வழியில் ஆண்டுத் தொகையும் வந்தது. 500 புளோரின் தருவதாகச் சொன்னதை அவர் 300ஆகக் குறைக்கச் சொன்னதாக ஆரம்பகால வரலாறு சொல்கிறது. லைப்னிட்ஸ் 1676 முதல் ஹனோவர் அரசவையில் நூலகர், ஆலோசகர், குலவரலாறு எழுதுபவர். ஹியூமுக்கு எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1752இல் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் நூலகர் ஆனார். கான்ட் மட்டுமே நாம் இன்று சொல்லும் அர்த்தத்தில் கல்லூரி ஆள். அவரும் 1755 முதல் 1770 வரை, பதினைந்து வருடம், மாணவர்கள் நேரடியாகக் கொடுக்கும் கட்டணத்தை நம்பித்தான் பாடம் நடத்தினார். நம் ஊர் கௌரவ விரிவுரையாளர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம், அல்லது கோபப்படலாம்.

1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் ஸ்பினோசாவைப் பேராசிரியராக அழைத்தது. அழைத்த மன்னர் கார்ல் லூட்விக், நம் எலிசபெத்தின் உடன்பிறந்தவர். தத்துவம் பேச முழுச் சுதந்திரம் உண்டு, நிறுவப்பட்ட மதத்தைக் குழப்பமாட்டீர்கள் என்று நம்புகிறோம் என்று கடிதம் போயிற்று. அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை எங்கே என்று தெரியவில்லை, தவிர இளைஞர்களுக்குப் பாடம் சொல்லப் போனால் என் சொந்தச் சிந்தனை நின்றுவிடும் என்று ஸ்பினோசா மறுத்துவிட்டார். இதை எடுத்துக்காட்டி வேலை வேண்டாம் என்று சொல்லும் ஆய்வு மாணவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்களுடைய 300 புளோரின் எங்கிருந்து வருகிறது?

இவருடைய விஷயத்தில் முதல் ஐந்து வருடம் உதவித்தொகை. 2014 டிசம்பரில் ஜே.ஆர்.எஃப். 16,000இலிருந்து 25,000 ரூபாய் ஆனது நேரடியாகக் கை கொடுத்தது, பிரெஞ்சு வகுப்புக்கான பணம் அதில்தான். ஆனால் தொகை மாதாமாதம் வராது. ஆறு மாதம் வராமல் இருந்து மொத்தமாக வரும். அந்த இடைவெளியைக் கடைக் கணக்கிலிருந்து அப்பச்சி சமாளித்தார். ஆய்வேடு கொடுப்பதற்கு ஒரு வருடம் முன்பு திருமணம். மாப்பிள்ளை பெங்களூருவில் மென்பொருள் வேலை. பட்டம் வாங்கிய பிறகு நிரந்தர வேலை கிடைக்கும்வரை மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலத்தில் வீடு ஓடியது மாப்பிள்ளையின் சம்பளத்தில். இதை எழுதலாமா என்று தயங்கிக் கேட்டேன். "எழுதுங்க சார், இதை மறைச்சுட்டு உழைப்பாலே முன்னேறினேன்னு சொன்னா அடுத்து வர்ற பொண்ணு ஏமாந்துபோகும்" என்றார்.

ஜெர்மனி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வொல்ஃபென்பியூட்டல் நூலகத்தில் குறுகிய கால நிதியுதவி. 1691 முதல் லைப்னிட்ஸ் பொறுப்பில் இருந்த நூலகம் அது. 17ஆம் நூற்றாண்டு அச்சு நூல்கள் நிறைய உண்டு. போனதில் ஆய்வேட்டுக்குக் கிடைத்தது இரண்டு அடிக்குறிப்பும் ஒரு திருத்தமும்தான். கிடைத்த பெரிய லாபம் பரிந்துரைக் கடிதம் எழுத இரண்டு பேர். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, வேலைக்கு அது உதவியது. ஆனால் அந்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது "இந்தக் கடிதம், இந்தக் கேள்வி, இந்தப் பதிப்பைச் சரிபார்க்க வேண்டும்" என்று அவரால் எழுத முடிந்ததே, அது பழைய தலைப்பில் நடந்திருக்காது. ஊரில் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுச் சொல்கிறார்கள்.

வேலை தேடல்

பட்டம் வந்தது 2019இல். அடுத்த வருடம் கொரோனா. தமிழ்நாட்டில் தத்துவத்துக்குத் துறை வைத்திருக்கும் கல்லூரிகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு பொறியியல் கல்லூரியில் புரொஃபஷனல் எத்திக்ஸ் பாடம் எடுத்தார். வாரத்துக்கு ஏகப்பட்ட வகுப்பு, பெரும்பாலும் மெக்கானிக்கல் பையன்கள். போபால் விஷவாயுவையும் சேலஞ்சர் விண்கலத்தையும் வைத்துப் பொறுப்பு என்றால் என்ன என்று பேச வேண்டும். இதைக் காலவிரயம் என்று பலர் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இவருக்கு வகுப்பெடுக்க வந்தது அங்கேதான். தத்துவம் கேட்க விருப்பமில்லாத அறுபது பேரை ஐம்பது நிமிடம் உட்கார வைக்கத் தெரிந்தவர், நேர்காணலில் ஆறு பேரை உட்கார வைக்கமாட்டாரா?

நேர்காணல்களில் திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வந்தது. தமிழ்நாட்டில் பிறந்து, நம்மிடம் இவ்வளவு தத்துவம் இருக்க, ஏன் தெகார்த்? ஆரம்பத்தில் இதற்குக் கோபப்பட்டிருக்கிறார். "ஜெர்மன்காரர் சித்தாந்தம் படிச்சா கைதட்டுறோம்ல" என்று ஒரு இடத்தில் சொல்லி, அந்த வேலை போயிற்று. நியாயமான பதில்தான், ஆனால் பதவி வாங்கித் தராது.

பிறகு கிடைத்த பதில் மதுரையிலிருந்து வந்தது. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது தெகார்த் பத்து வயதுப் பையன். நொபிலி சேசு சபைத் துறவி, தெகார்த் லா ஃபிளெஷில் சேசு சபையாரிடம் படித்தவர். அந்தச் சபைப் பள்ளிகளின் அரிஸ்டாட்டில் உரைகளை, குறிப்பாகப் போர்ச்சுகலின் கோயிம்ப்ரா நகரத்து உரைகாரர்களை, தெகார்த் 1640இல் ஒரு கடிதத்தில் நினைவுகூர்கிறார். அந்த மரபில் வந்த ஆன்மா பற்றிய விவாதத்தைத்தான் நொபிலி ஆத்தும நிர்ணயம் என்று தமிழ் உரைநடையில் எழுதினார். ஆக, ஆன்மாவுக்கும் உடலுக்கும் என்ன உறவு என்பது ஏறத்தாழ ஒரே தலைமுறையில் ஹேக் நகரில் பிரெஞ்சிலும், மதுரையில் தமிழிலும் பேசப்பட்டிருக்கிறது. ஒருவர் அந்தப் பள்ளி மரபை உடைக்கிறார், இன்னொருவர் அதையே வேறு மண்ணில் நிலைநாட்டப் பார்க்கிறார். இராசமாணிக்கம் அடிகள் 1960களில் பதிப்பித்த நொபிலி நூல்களை இவர் அப்போதுதான் தேடிப் பிடித்துப் படித்தார். அதற்கு உட்கார்ந்த இடம் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்த ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைவுக்குப் பின் சென்னைக்குப் போய் அமைந்த நூலகம் அது.

திருவாடானைப் பக்கத்து ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட அருளானந்தர் இதே மதுரை மிஷனைச் சேர்ந்தவர்தான். தேவகோட்டைப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போய்வரும் இடம். ஊருக்குப் பக்கத்திலேயே அந்த நூற்றாண்டு கிடந்திருக்கிறது, பாடத்திட்டம்தான் காட்டவில்லை.

அடுத்த நேர்காணலில் அதே கேள்விக்கு இவர் நொபிலியை எடுத்து வைத்தார். கேட்டவர் அரை மணி நேரம் மேலும் கேட்டார். வேலை கிடைத்தது. நொபிலியை வேலைக்காகப் பிடித்துக்கொண்டார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டுமே. எலிசபெத் கடிதங்களை வரி வரியாகப் படித்தவருக்குத்தான் நொபிலியை அந்தக் கேள்வியோடு படிக்கத் தோன்றும். மேலோட்டமான ஒப்பீடு என்றால் அந்த அரை மணி நேரம் தாங்கியிருக்காது.

இப்போது

பணியில் சேர்ந்து சில வருடம் ஆகிறது. வருடத்துக்கு நான்கு பாடம், அதில் ஒன்றுதான் சொந்தத் துறை. மீதி தர்க்கம், அறிவியல் தத்துவம், இப்போது புதிதாகச் செயற்கை நுண்ணறிவு அறம். ஆய்வேட்டைப் புத்தகமாக்கும் வேலை பாதியில் நிற்கிறது. தமிழில் எழுதும் கட்டுரைகளுக்குப் பதவி உயர்வுக் கணக்கில் மதிப்பெண் கிடைப்பதில்லை, ஆனாலும் எழுதுகிறார். அதை விட்டுவிட்டுப் புத்தகத்தை முடிக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் கேட்பதாக இல்லை.

இன்னொன்றிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எம்.ஃபில்.லும் பழைய தலைப்பின் ஒன்றரை வருடமும் சேர்ந்து இரண்டரை வருடம் வீண் என்பது என் கணக்கு. எம்.ஃபில்.லையே 2022 விதிமுறைகளோடு எடுத்துவிட்டார்கள், இனி வருபவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம். எம்.ஏ. முடிக்கும்போதே ஒரு மூல நூலும் ஒரு மொழியும் கையில் இருந்தால் அந்த ஒன்றரை வருடமும் மிச்சமாகும் என்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு பேரையும் மேலோட்டமாகவாவது சுற்றி வந்ததால்தான், எலிசபெத்தின் கேள்வி எவ்வளவு பெரியது என்று ஒரே வாசிப்பில் தெரிந்தது, நேராகக் கடிதத்துக்குப் போயிருந்தால் அது ஒரு இளவரசியின் கடிதமாக மட்டுமே கண்ணில் பட்டிருக்கும் என்கிறார். போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோதும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் என்னிடம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் பிரெஞ்சு வகுப்பில் சேரச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.